வாய் இல்லாத விருந்தாளி

ஆடிச் சாரல் செங்கோட்டையில் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணி இருக்கும், தார்சாவிலிருந்து அம்மா கூப்பிட்டாள்: "ஏய்யா, இங்க வா. சுவத்துல வவ்வா ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு."

வௌவால் இல்லை. டியூப்லைட்டுக்கு ஒரு முழம் கீழே, அப்பா படத்துக்குப் பக்கத்தில், இறக்கையை விரித்தபடி ஒரு பூச்சி. அம்மாவின் தையல் டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டரை அங்குலம்! டேப்பின் நுனி கிட்டத்தட்ட உரசியும் அது அசையவில்லை. காவி ஏறிய பழுப்பு நிறம். நான்கு இறக்கையிலும் செதில் இல்லாத முக்கோணச் சன்னல்; அதன் வழியே சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. முன் இறக்கைகளின் நுனி பாம்புத் தலைபோல வளைந்து, கண் வைத்த மாதிரி ஒரு கரும்புள்ளி வேறு. அடுத்த வீட்டு மதினி விளக்குமாறோடு வந்தவள், அந்தத் தலையைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள். பறவைகளை விரட்டத்தான் அந்த வேஷம் என்கிறார்கள். மதினியிடமும் பலித்தது.

போட்டோ எடுத்து போனில் தேடினேன். அட்லஸ் அந்துப்பூச்சி வகை. வானத்தைத் தோளில் சுமக்கும் கிரேக்க அரக்கனின் பெயரை 1758-இல் லின்னேயஸ் வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருப்பது அதன் பங்காளி, அட்டாகஸ் தப்ரோபானிஸ். தப்ரோபேன் என்றால் கிரேக்கர் வாயில் இலங்கை; தாமிரபரணி என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். எங்கள் சிற்றாறு போய்ச் சேருகிற ஆற்றின் பெயர், இந்தப் பூச்சி முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாமோ நெல்லைத் துளைக்கிற அந்தையும் இதையும் ஒரே பெயரில் கட்டிப்போட்டிருக்கிறோம். இது கொஞ்சம் அநியாயம்தான்.

பெயர் கிடைத்ததும் வேலை முடிந்த திருப்தி வந்துவிட்டது. போனைச் சட்டைப்பையில் போடப் போனேன்.

"பேரு கெடக்கட்டும். அது என்ன திங்கும்?" என்றாள் அம்மா.

மறுபடி தேடினேன். ஒன்றும் தின்னாது. புழுவாக இருக்கும்போது கொய்யா, லவங்கப்பட்டை என்று வாரக்கணக்கில் இலை தின்று கொழுக்கும். பிறகு கூட்டுக்குள் போய்விடும். இறக்கையோடு வெளியே வரும்போது தின்பதற்கு வாய் இருக்காது. சேர்த்து வைத்த கொழுப்பில் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம்.

"வாயில்லாம எதுக்குப் பொறக்கணும்?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து, சுவரோரம் ஸ்டூலில் கொண்டுவந்து வைத்தாள். நான் சொன்னதை நம்பவில்லை என்றில்லை. இந்த வீட்டுக்கு வந்த யாரும் ஒரு வாய் மோராவது குடிக்காமல் போனதில்லை. வாய் இல்லை என்பதெல்லாம் வந்தவருடைய பாடு.

நானும் அவள் பிள்ளைதான். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வந்து, எழுபத்தொன்பது வயதுக்காரியின் தட்டைப் பார்த்துச் சண்டை போடுகிறேன். ராத்திரிக்கு ஒரு இட்லி, அதிலும் பாதி. "போதும்யா" என்பாள். இன்னொன்றை எடுத்து வைப்பேன். அந்தப் "போதும்" என்பதை ஒரு பதிலாகவே நான் எடுத்துக்கொண்டதில்லை. மறுப்பாக, கோபமாக, சில நாள் என் மேல் வைத்த குற்றமாகக்கூட எடுத்திருக்கிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேனா? கேட்டிருக்கிறேன், சட்டுவத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

இன்னும் கொஞ்சம் படித்தேன். ஆணுக்கு உணர்கொம்பு அகலமான இறகு மாதிரி இருக்கும், இதற்கு ஒடுங்கியிருந்தது. வயிறு பருத்திருந்தது. பெண். இது துணையைத் தேடி அலையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே இரவில் ஒரு வாசனையை விடும். ஆண் அதைக் கிலோமீட்டர் கணக்கான தூரத்திலிருந்தே பிடித்துக்கொண்டு வரும். விளக்கு எரிந்தால் வருகிற ஆணும் தடுமாறி விளக்கையே சுற்றும்.

"அப்போ அதுக்கு நம்ம லைட்டுதான் இடைஞ்சல்" என்றாள் அம்மா. எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். வாசல் விளக்கையும் அணைக்கச் சொன்னாள். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது. நேரமாகிறதே, சாப்பிடவில்லையே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

விடிந்தபோது சுவர் காலி. அப்பா படத்தின் சட்டத்தில் பழுப்புத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி எறும்பு. கொட்டிவிடலாம் என்று எடுக்கப் போனேன்.

"கெடக்கட்டும்யா" என்றாள் அம்மா. "இதுக குடிக்குதுல்லா."