மஞ்சள் கடிதமும் மிகைப்பாரமும்



புழல் ஆதிநாதர் ஆலயத்தைத் தரிசித்தபின், பொன்னேரி வழியே பழவேற்காடு வரை சென்றுவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வலைத்தொழில் நம் அறத்திற்கு உடன்பாடன்று. அதனை ஈண்டு மறைத்துப் பேச வேண்டுவதில்லை. ஆயினும் மீனுக்கு இரங்கும் நாம், மீன் பிடிப்போன் மனையில் அடுப்பெரியாமைக்கு இரங்காதிருத்தல் முறையாகுமோ?

அவ்வேரிக்கரைக் குப்பங்களில் கடன் வரும் வழி எளிது. படகுக்கும் வலைக்கும் இறால் வியாபாரியிடம் முன்பணம் பெறுகின்றனர். பெற்றவர் தாம் பிடித்ததை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே தருதல் வேண்டும். முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வரத்துக் குறையுங்கால் அசல் அப்படியே நிற்கும். பழங்கடனை அடைக்கப் புதுக்கடன் ஏறும்.

பெருநிறுவனம் நொடித்தால், 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் வழக்குகளை நிறுத்திவைத்து அதற்கு அவகாசம் தருகின்றது. எளியோர்க்கும் அச்சட்டத்திலேயே ஒரு வழி எழுதப்பட்டுள்ளது. ஆண்டு வருவாய் ரூ.60,000, உடைமை ரூ.20,000, கடன் ரூ.35,000 என்பவற்றிற்கு மேற்படாது, சொந்த வீடும் இல்லாதவர் கடன் நீங்கிப் புதுவாழ்வு தொடங்கலாம். அடகு வைக்கப்படாத தொழிற்கருவிகளைத் தொடலாகாது என்றும் உளது. எழுத்து நன்று! ஆனால், தனிநபர்க்கான பகுதி 2019 டிசம்பரில் நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றோர்க்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. குப்பத்து மீனவனுக்கு உள்ளது 1920ஆம் ஆண்டுச் சட்டமே. அவன் நீதிமன்றப் படியேறுவதோடு, 'மஞ்சள் கடிதம் கொடுத்தவன்' என்னும் ஊர்ப்பழியும் சுமக்க வேண்டும். படகும் எந்திரமும் இலட்சங்களில் விலைபோகும் நாளில், ரூ.35,000 வரம்பு எவரைக் காக்கும் என்பதும் நமக்கு விளங்கவில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களைக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என ஐந்தாக உரைக்கும். வண்டி மாட்டை எண்ணியே இதனைப் படித்துப் பழகிவிட்டோம். வட்டிமேல் வட்டி ஏற்றுதல் பாரமன்றோ? தவணை நாளில் வாயிலில் நின்று, உலைக்கு வைத்த பணத்தைப் பறித்தல் உணவு தடுத்தலன்றோ? வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் பொய்ப்பத்திரம் எழுதுதலும் ஒன்று. வெற்றுத்தாளில் கையொப்பம் பெற்றுப் பின்னர்த் தொகை நிரப்புவோர் அதனையே செய்கின்றனர்.

கடன்பட்டவர்க்கும் அறம் உண்டு. உள்ள பொருளை ஒளித்து நொடித்ததாக நடிப்பது களவே.

அக்கரையில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. நல்ல மீன்படும் இடங்களில் வலைகட்டும் உரிமையைச் சீட்டுப்போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இன்று வறும்வலை இழுத்தவனுக்கும் மற்றொரு நாள் நல்லிடம் வாய்க்கும். அத்தகைய மறுமுறையைத்தான் கடன் சட்டத்திலும் நாம் வேண்டுகின்றோம்.

நம்முள்ளும் வட்டிக்குக் கொடுப்போர் உளர். தமிழகத்தில் 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. அதனைப் பிறர்க்கென்று எண்ணவேண்டா. வரும் தசலட்சணப் பர்வத்திற்குள் அவரவர் பெட்டியிலுள்ள பத்திரங்களை எடுத்துப் பார்ப்போமாக. நிரப்பப்படாத தாள் ஏதேனும் இருப்பின், கையொப்பமிட்டவரை அழைத்து, அவர் கையாலேயே அதனைக் கிழித்தெறியச் செய்வோமாக.