கூண்டும் கூடும்

வனத்து அந்தோனியார் திருநாளாகிய சனவரி 17ஆம் நாள், ஆடுமாடுகளை ஆலயத்திற்கு ஓட்டிவந்து மந்திரித்துச் செல்வது நம் சிற்றூர்கள் பலவற்றில் வழிவழியாக வரும் வழக்கம். சென்ற ஆண்டு அந்நாளில் இரும்பையில் வாழும் குடும்பத்தார் ஒருவர் என்னை அழைத்தது சற்று வேறான காரியத்திற்காக. வீட்டுக் கொல்லையில் புதிதாகக் கட்டிய கோழிக்கூடு ஒன்றை மந்திரிக்க வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தேன். கூட்டில் ஒரு கோழியும் இல்லை. மறுநாள்தான் அவை வரவிருந்தன. முட்டைப் பண்ணையில் ஓராண்டுக்கு மேல் கம்பிக் கூண்டில் முட்டையிட்டு, இனி இவற்றால் ஆதாயம் இல்லை என்று கழித்துக் கறிக்கு விற்கப்பட்ட கோழிகளில் பன்னிரண்டை விலை கொடுத்து வாங்கி, அவற்றின் ஆயுள் உள்ளவரை காப்பது என்று அவ்வீட்டார் முடிவு செய்திருந்தனர்.

பொங்கலுக்கு வந்திருந்த அவர்களுடைய அத்தையும் அங்கே இருந்தார். மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருபவர். மழைக்காலத்தில் மூழ்கிய பாத்திகளில் வேலை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. நான் தீர்த்தம் தெளித்து முடித்ததும் அவர் மெல்லக் கேட்டார்: “சாமி, எங்க வீட்டுக் கூரை மூணு மழையா ஒழுகுது. கோழிக்கு ஓடு போட்ட வீடு. அதுக்கு மந்திரிப்பு வேறயா?”

அவர் சினத்தோடு கேட்கவில்லை. அதனாலேயே அக்கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுத் திரும்பினேன். சமாளிப்பு விடையாகாது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை எண்ணிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அத்தையின் கேள்வி திருச்சபையின் கேள்வியுமாகும். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் என்று சொல்லும் அதே எண்ணில் (2418), மனிதத் துயரைத் துடைப்பதற்கு முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று எச்சரிக்கிறது. முதற் பாதியை மட்டும் படிப்போரும் உண்டு. இரண்டாம் பாதியை மட்டும் படிப்போரும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே கடினம்.

அக்கோழிகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்ப்போம். நம் மாநிலத்து முட்டைத் தொழிலின் தலைநகர் நாமக்கல். அம்மாவட்டத்தில் பல கோடி முட்டைக்கோழிகள் வளர்க்கப்படுகின்றன. நாள்தோறும் செய்தித்தாளில் முட்டை விலைக்கு அருகே முட்டைக்கோழி விலை என்று ஒன்று அச்சாகிறதே, அது பெரும்பாலும் இப்படிக் கழிக்கப்படும் கோழிகளின் விலைதான். அலுவலகத்தில் பயன்படும் ஏ4 தாள் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 620 சதுர சென்டிமீட்டர். வழக்கமான கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் அந்தத் தாளைவிடக் குறைவு. இறக்கையை விரிக்க இயலாது. மண்ணைக் கிளற மண் இல்லை. முட்டையிட மறைவிடம் இல்லை. இரும்பைக்கு வந்த பன்னிரண்டு கோழிகளுக்கும் சேர்த்து இருந்த தரை, நால்வர் அமரும் சாப்பாட்டு மேசையளவுகூட இல்லை.

இதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆண்டுக்கு 300 முட்டை என்றால் 600 கிராம். கோழியின் உடல் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருப்பதோ ஏறத்தாழ 20 கிராம்தான். தீவனத்தில் எவ்வளவு கொடுத்தாலும் ஒரு பங்கு எலும்பிலிருந்தே கரைந்து ஓடாகிறது. ஆகவேதான் கழிக்கப்படும் கோழியைக் கவனமின்றித் தூக்கினால் எலும்பு முறிகிறது. காட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு இடும் முட்டைகளோ இருபதைத் தாண்டுவது அரிது.

இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் என்னும் பெண்மணி 1964இல் எழுதிய நூல் இக்கூண்டுகளை உலகின் கண்முன் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் சட்டம் இயற்றி, 2012 சனவரி முதல் வெறுங்கம்பிக் கூண்டுகளைத் தடைசெய்தது. அந்நாட்டில் 2005இல் தொடங்கப்பட்ட கோழி நல அறக்கட்டளை ஒன்று, கழிக்கப்பட்ட கோழிகளை இலட்சக்கணக்கில் வீடுகளில் குடியேற்றியிருக்கிறது. நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அசைந்து நடமாடப் போதிய அளவில்லாத கூண்டில் எந்த விலங்கையும் அடைப்பது குற்றம் என்கிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆம் அறிக்கையை முட்டைக்கோழி, கறிக்கோழி ஆகியவற்றின் நிலை குறித்தே அளித்தது.

ஆனால் பண்ணையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. அத்தையின் பேரன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். 2010 முதல் தமிழகச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை வழங்கப்பட்டு வருகிறது. ஏழைக் குழந்தையின் தட்டில் விழுந்த அந்த முட்டையை நான் இழிவாகப் பேசமாட்டேன். அது அந்தப் பிள்ளையின் எலும்பை வளர்த்தது. யாருடைய எலும்பிலிருந்து என்பதுதான் கேள்வி. மலிவான முட்டையை உண்ட நாம் அனைவரும், நானும், அக்கோழிக்குக் கடன்பட்டவர்கள்.

கடன் என்ற சொல்லை எண்ணிப் பார்த்தே எழுதுகிறேன். குருமடத்தில் நாங்கள் படித்த புனித தோமா அக்குவினாஸ், விலங்குக்குக் கொடுமை செய்யப் பழகியவன் மனிதனுக்கும் செய்வான் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும் என்று கற்பித்தார். அதில் விலங்கு ஒரு பயிற்சிக் கருவியாகவே நிற்கிறது. மறைக்கல்வி இன்னும் ஓரடி முன்னே செல்கிறது. விலங்குகள் தாம் இருப்பதனாலேயே இறைவனை மாட்சிப்படுத்துகின்றன என்றும், ஆகவே மனிதர் அவற்றுக்கு இரக்கம் காட்டக் கடமைப்பட்டவர் என்றும் அது சொல்கிறது (2416). தருமம் செய்வதில் முன்பின் பார்க்கலாம். முதலில் இவருக்கு, மிஞ்சினால் அவருக்கு என்று வரிசை வகுக்கலாம். கடனில் அப்படி இயலாது. பெரிய கடன் ஒன்று இருக்கிறது என்பது சிறிய கடனைத் தள்ளுபடி செய்யாது. அதே வேளையில் கடனுக்கு ஓர் அளவும் உண்டு. கோழிக்கு நாம் பட்டிருப்பது கோழிக்கு வேண்டியதுதான். நம் பெருமைக்கு வேண்டியது அன்று.

கோழிக்கு வேண்டியது எது? நீதிமொழிகள் நூலின் 12ஆம் அதிகாரம், நேர்மையாளர் தம் கால்நடையின் உயிரைப் பேணுவதைப் பற்றிக் கூறுகிறது. எபிரேய மூலத்தில் அங்கே நிற்கும் வினைச்சொல்லுக்கு ‘அறிதல்’ என்பதே நேர்ப்பொருள். நேர்மையாளர் தம் விலங்கின் உயிரை அறிகிறார். நீதியின் தொடக்கம் அறிவதில் இருக்கிறது.

இரும்பைக் குடும்பத்தார் அந்த அறிதலில் இறங்கியிருந்தனர். தரையில் உமியும் வேர்க்கடலைத் தோலும் கனமாகப் பரப்பியிருந்தார்கள். கம்பியில் நின்று புண்பட்ட கால்களுக்கு அது மெத்தை. இரவில் அமர்ந்து உறங்கும் கழியை ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் கட்டியிருந்தார்கள். வலுவிழந்த எலும்போடு உயரத்திலிருந்து குதித்தால் கால் முறியும். குஞ்சிலேயே அலகு நுனி வெட்டப்பட்ட கோழி வெறுந்தரையில் தானியம் பொறுக்கத் திணறும் என்பதால், தீவனத்துக்கு ஆழமான தட்டுகள். இறகு உதிர்ந்த முதுகை வெயில் சுடாமலிருக்க முருங்கை நிழல். ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்த புழுதிக் குழி. முட்டையிட வைக்கோல் இட்ட பழைய கூடைகள். கீரியும் மரநாயும் நுழையாதபடி மண்ணுக்குள்ளும் இறக்கிய கம்பிவலை. கடலோரத்தில் பல கிணறுகள் உவர்ப்பு. உப்பு மிகுந்த நீர் கோழிக்கு ஆகாது என்று நல்ல நீரைத் தனியே வைத்திருந்தார்கள். ஊர்க் கோழிகளுக்கும் இவற்றுக்கும் நோய் தொற்றாதபடி சில வாரங்கள் பிரித்து வைக்கவும், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கு அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்கவும் ஏற்பாடு செய்திருந்தனர். அத்தை சொன்ன ஓடுகள் பழைய வீட்டைப் பிரித்தபோது மிஞ்சியவை.

ஒரு வாரம் கழித்து மீண்டும் சென்றேன். வந்த அன்று கூடைகளைத் திறந்து வைத்தபோது கோழிகள் வெளியே வரவில்லையாம். எடுத்துக் கீழே விட்டபின்னும் விட்ட இடத்திலேயே, தாள் அளவு தரையில், நெடுநேரம் நின்றனவாம். குழாய் முனையைக் கொத்திக் குடித்துப் பழகியவற்றுக்குத் தட்டு நீரைத் தெரியவில்லை. அலகை மெல்ல நனைத்துக் காட்ட வேண்டியிருந்தது. மாலையில் கூடு சேரவும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி உள்ளே விட்டார்கள். நான் சென்ற அன்று ஒரு கோழி புழுதிக் குழியில் சாய்ந்து படுத்து, இல்லாத இறகுகளுக்கும் சேர்த்து மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் அதற்குக் கற்பிக்கவில்லை. இறைவன் அதனுள் வைத்தது, ஓராண்டுக் கூண்டுக்குப் பின்னும் அழியாமல் இருந்தது.

மீட்பு என்ற சொல்லை நாம் ஆலயத்தில் அடிக்கடி சொல்கிறோம். விலை கொடுத்து மீட்டதோடு மீட்பு முடிவதில்லை என்பதை அங்கே கண்டேன். எகிப்தைவிட்டு வந்த மக்களுக்கு ஒரே இரவில் விடுதலை கிடைத்தது. விடுதலையில் வாழக் கற்க நாற்பது ஆண்டுகள் ஆயின. வெளியே வந்தவரை ஏற்க ஒரு வீடு ஆயத்தமாக இல்லையெனில், திறந்த கதவும் பயனற்றதே.

இனி அத்தைக்கு விடை சொல்ல வேண்டும். கோழியை முட்டைக் கணக்கால் மட்டும் அளந்து, கணக்குக் குறைந்ததும் கழித்துவிடும் கண்ணே, உப்பளத் தொழிலாளியை வாரும் உப்பால் அளந்து, மழை வந்ததும் மறந்துவிடுகிறது. இரண்டும் ஒரே அளவுகோல். அதை ஓரிடத்தில் ஒடிப்பவர் மற்ற இடத்திலும் ஒடிக்கத் தொடங்கலாம். ஒடிப்பார் என்று நான் உறுதி சொல்லேன். வளர்ப்பு நாய்க்கு மெத்தையிட்டு வேலைக்காரப் பெண்ணைத் தரையில் உட்கார வைக்கும் வீடுகளும் நம் பங்குகளில் இல்லாமல் இல்லை. கோழியின் எலும்பு வரை அறிந்த கண், தன் அத்தையின் கூரையைப் பார்க்கிறதா என்பதே அந்த இரக்கம் மெய்யா என்பதற்குச் சோதனை.

இதை அக்குடும்பத்தாரிடம் சொன்னேன். அவர்கள் தலைகுனிந்து கேட்டார்கள். அடுத்த மழைக்கு முன் மரக்காணத்துக் கூரையை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். சொல் செயலாகும்வரை நான் தந்த மந்திரிப்பு பாதிதான் என்று கூறி விடைபெற்றேன்.

தவக்காலத் தொடக்கத்தில் அத்தை மீண்டும் இரும்பைக்கு வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே கழிமுகத்துக் கிளிஞ்சல். கழுவி, காய வைத்து, இடித்துப் பொடியாக்கியது. “முட்டை போட்ட கோழிக்கு இதைக் குடுத்தா எலும்பு தேறும் சாமி, எங்க அம்மா குடுப்பாங்க” என்றார். கேட்டவருக்கு நான் இன்னும் முழு விடை சொல்லவில்லை. அவரோ தம் பங்குக் கடனைக் கட்டிவிட்டார்.

கூரை மாற்றும் வேலைக்கு நாள் குறித்தாயிற்றா என்று ஞாயிறுதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.