கிடாரம் கழுவுகிறவர்

எங்களூர்ப் பள்ளிவாசலில் றமழான் மாதம் முழுவதும் பின்னேரத்தில் கஞ்சி காய்ச்சுவார்கள். அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் தூக்குச்சட்டி, வாளி என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அன்றைய கஞ்சி யாருடைய செலவு என்று கரும்பலகையில் எழுதப்பட்டிருக்கும். சில நாட்களில் 'ஒரு சகோதரர்' என்று மட்டும் இருக்கும். நானும் சிறு வயதில் அந்த வரிசையில் நின்றவன்தான். கஞ்சிக்குக் காசு கொடுத்தவரின் பெயரை வாசித்திருக்கிறேன். காய்ச்சியவரைக் கண்டிருக்கிறேன். ஆனால் தறாவீஹ் முடிந்து ஊர் அடங்கிய பிறகு, அடிப்பிடித்த அந்தப் பெரிய கிடாரத்தைச் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மறுநாளைக்காகக் கவிழ்த்து வைத்தவர் யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கொடை என்றால் நமக்குக் கஞ்சிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் முப்பது நாளும் கஞ்சி கிடைப்பதற்குக் கிடாரம் கழுவுகிறவரும் வேண்டும். ஊர் கூடி நடத்தும் எந்தக் காரியமும், கூலியின்றி விருப்பத்தால் மட்டும் நடக்கும் எந்தக் காரியமும் இப்படித்தான். கொடுக்கும் கை கண்ணுக்குத் தெரிகிறது. நடத்திக்கொண்டு போகும் கை தெரிவதில்லை. தெரியாத கைக்கு நன்றி சொல்வது எப்படி? அந்தக் கை நன்றியை எதிர்பார்க்கலாமா? சில வருடங்களாக என்னை அலைக்கழிக்கும் கேள்விகள் இவை. மார்க்க அறிஞர் எவருக்கும் பாடம் சொல்ல இதை எழுதவில்லை. நான் செய்த ஒரு பிழையிலிருந்துதான் இந்தக் கேள்விகள் எனக்கு வந்தன.

பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் கணினியில் ஏற்றி, எவரும் இலவசமாக வாசிக்க வைக்கும் வேலையைப் பலர் அறிந்திருப்பீர்கள். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் சுவிற்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில் நடந்தது. பல நாடுகளிலிருந்த தொண்டர்கள், பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் காணாமலே, பண்டைய இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதன் ஆரம்ப காலத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்த இலங்கையரான இ. மயூரநாதன். அவர் தொழிலால் கட்டடக் கலைஞர். வேலை முடிந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். நம் நாட்டு நூல்களுக்கென்றே 2005இல் 'நூலகம்' திட்டம் தொடங்கப்பட்டது. இன்று அதில் முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் சிற்றிதழ்களும் ஏராளமாக இருக்கின்றன. கிராமப் பாடசாலை ஆசிரியனான எனக்கு அது எத்தனை பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. சித்திலெப்பையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு காலத்தில் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. இப்போது கைத்தொலைபேசி போதும்.

அப்படியான வேலை செய்யும் ஓர் இளைஞர் 2012இல் என்னைத் தேடித் தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் கணக்காளர் வேலை. எழுபதுகளில் எங்கள் பகுதியிலிருந்து வெளிவந்த ஒரு சிற்றிதழின் பிரதிகள் என்னிடம் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் மாமா 2008இல் மௌத்தாவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு தகரப்பெட்டியை என்னிடம் தந்திருந்தார். "ஆருக்காவது உதவும் மகன், வெச்சுக்க" என்றார். 22 இதழ்கள். ஏழாவது இதழில் மாமா எழுதிய சிறுகதை இருந்தது. அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே கதை அதுதான். கரையோரத்து வீடுகளில் இருந்த பிரதிகளை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோய்விட்டது. ஆகவே எங்கள் பகுதியில் எஞ்சியிருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

"தம்பி, பெட்டி இரிக்கி. அடுத்த கிழமை எடுத்துப் பாத்துச் சொல்றன்" என்றேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அழைப்பார். "சேர், பெட்டியைப் பாத்தனீங்களோ?" என்று மெதுவாகக் கேட்பார். பரீட்சை, கல்யாணம், வீட்டு வேலை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன். ஒரு முறை அவர், "எங்கட ஊரில ஒருக்கா எல்லாம் எரிஞ்சு போச்சு சேர். அதுதான் திரும்பத் திரும்பக் கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ" என்றார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அந்தப் பிள்ளை அப்போது பிறந்திருக்கவே மாட்டார்.

நேரமில்லை என்பது பொய். உண்மையான காரணத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். 'அந்த இதழ்கள் அவரிடம்தான் இருக்கின்றன' என்று நாலு பேர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் என்னைத் தேடி யார் வருவார்? மற்றவர்கள் ஏற்றி வைத்ததை நாள்தோறும் எடுத்துப் பாவித்துக்கொண்டே, என்னிடமிருந்ததைப் பூட்டி வைத்திருந்தேன்.

2014 மாரியில் வீட்டின் பின்னறையில் தண்ணீர் ஏறியது. வற்றிய பிறகு பெட்டியைத் தூக்கினேன். அடித்தகரம் துருவில் கையோடு வந்தது. உள்ளே கறையான். 22இல் 13 மட்டும் தேறின. ஏழாவது இதழின் அட்டை இருந்தது. உள்ளே மண் புற்று.

செய்தியைச் சொல்ல நானே அழைத்தேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், அப்படி ஏசியிருந்தால் எனக்கும் இலேசாக இருந்திருக்கும். அவர் ஒரு கணம் பேசாமலிருந்துவிட்டு, "மிச்சம் இருக்கிறதை அனுப்புங்கோ சேர், அதைக் காப்பாத்துவம்" என்றார். அனுப்பினேன். கம்பிகளைக் கழற்றி, பக்கம் பக்கமாக வருடியில் வைத்துப் படமெடுத்து, கோணலை நிமிர்த்தி, கறுத்த ஓரங்களை வெட்டி, ஒவ்வொரு இதழின் உள்ளடக்கத்தையும் எழுதியவர் பெயர்களையும் பட்டியலிட்டு, மூன்று மாதத்தில் ஏற்றி முடித்தார். எல்லாம் வேலை முடிந்து வந்த இரவுகளில். தபால் செலவைக்கூட அவரே அனுப்பி வைத்தார். நான் அவருக்கு நன்றி சொன்னேனா? இல்லை. வெட்கத்தால் சொல்லவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிராயச்சித்தமாக நானும் அந்த வேலையில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களிலும் விடுமுறையிலும் பட்டியல்களைச் சரிபார்ப்பது என் பங்கு. ஒரே எழுத்தாளரின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஆண்டு பிழைத்திருக்கும். ஒரே நூல் இரு முறை ஏறியிருக்கும். யாருக்கும் தெரியாத வேலை. அப்போதுதான் கிடாரம் எனக்கு நினைவுக்கு வந்தது.

இங்கேதான் என் மனதின் இன்னொரு பக்கத்தைக் கண்டேன். ஒருவர் ஒரு நூலை எடுத்துப் பாவித்துவிட்டு, 'நாற்பதாம் பக்கம் தெளிவில்லை, இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யக்கூடாதா?' என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவன் என்ற கருத்துடைய ஹதீஸ், அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது, அக்கணமே என் நாவில் வந்தது. எழுதி அனுப்பவும் தயாரானேன். அப்போது என்னையே கேட்டுக்கொண்டேன்: இரண்டு வருடம் ஒரு பிள்ளையை அலைக்கழித்தபோது இந்த ஹதீஸ் எங்கே போயிருந்தது?

அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது வேறொன்று. அல்லாஹ்வுக்காக உணவளிப்போர், உண்பவரிடமிருந்து கைம்மாறையோ நன்றியையோ நாடுவதில்லை என்று அல்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் நல்லடியார்களை வர்ணிக்கிறது. 'அந்தத் தம்பி நன்றிக்காகவா செய்கிறார்? நல்ல எண்ணத்தில் செய்கிறார், கூலி இறைவனிடம் கிடைக்கும்' என்று நான் இருந்துவிட்டேன்.

பிழை இங்கேதான் இருக்கிறது. இரண்டு போதனைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. அவை இரண்டு வெவ்வேறு ஆட்களுக்குச் சொல்லப்பட்டவை. நன்றியை எதிர்பாராதே என்பது கொடுப்பவனுக்கு. நன்றி செலுத்து என்பது பெறுபவனுக்கு. நாமோ கடிதங்களை மாற்றிப் பிரித்து வாசிக்கிறோம். பெறும்போது கொடுப்பவனின் கடிதத்தை வாசித்து, 'அவர்தான் எதிர்பார்க்கவில்லையே' என்கிறோம். கொடுக்கும்போது பெறுபவனின் கடிதத்தை வாசித்து, 'நன்றி கெட்ட உலகம்' என்கிறோம். வள்ளுவரும் ஒப்புரவறிதலையும் செய்ந்நன்றியறிதலையும் தனித்தனி அதிகாரங்களாகவே வைத்தார். ஒன்றில் கொடுப்பவனுக்கு மழையை முன்மாதிரியாகக் காட்டுகிறார். மற்றதில் பெறுபவனை எச்சரிக்கிறார். தன் பெயருக்கு வந்த கடிதத்தை ஒவ்வொருவரும் வாசித்தால் போதும்.

'அது அவர்களுக்குப் பொழுதுபோக்குத்தானே, விரும்பிச் செய்கிறார்கள், அதற்கு நன்றி எதற்கு?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் விருப்பம் வேலையின் பாரத்தைக் குறைத்துக் காட்டுமே தவிர இல்லாமலாக்காது. உம்மா விரும்பித்தான் சமைத்தா. அதனால் நாம் அவவுக்குக் கடன்படவில்லையா? சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்ததும், பேராசிரியர் ம. மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களை ஊர் ஊராகத் தேடித் திரட்டியதும் விருப்பத்தால்தான். விரும்பிச் செய்தார்கள் என்பதற்காக நம் கடன் சிறுத்துவிடவில்லை. கூலிக்குச் செய்தவனின் கணக்கு கூலியோடு தீர்ந்துவிடும். விருப்பத்தால் செய்தவனின் கணக்கு திறந்தே கிடக்கிறது.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நன்றியை எதிர்பாராதவர்களும் களைத்துப்போவார்கள். நிய்யத் சுத்தமாக இருந்தாலும் உடம்பு மனித உடம்புதானே. 2019இல் அந்த இளைஞர் வேலையிலிருந்து ஒதுங்கினார். கல்யாணம், பிள்ளை, வேலைப்பளு. யாரோடும் கோபமில்லை, சத்தமில்லாமல் நின்றுவிட்டார். அவர் நின்ற பிறகுதான் அவர் எத்தனை வேலை பார்த்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது. கணினி வாடகையை மாதம் தவறாமல் நினைவூட்டியவர் அவர். பிரதிகளை வேறு இடத்தில் பாதுகாத்தவர் அவர். புதிதாக வந்தவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. 2020 றமழானில் கொரோனாவால் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தபோது கஞ்சியின் அருமை எங்களூருக்குத் தெரிந்ததைப் போல. இல்லாமற்போன பின் வரும் நன்றியால் யாருக்கும் பலனில்லை.

அப்படியானால் நன்றியை எப்படிச் செலுத்துவது? உபகாரம் செய்தவருக்குக் கைம்மாறு செய்யுங்கள், இயலாவிட்டால் கைம்மாறு செய்துவிட்டோம் என்று உங்களுக்குத் தோன்றும்வரை அவருக்காகத் துஆச் செய்யுங்கள் என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. துஆ எவராலும் முடியும். கைம்மாறுக்கும் ஒரு வழி எங்களூர் வழக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டோம். ஒரு முருங்கைக்காயாவது, நாலு எலுமிச்சங்காயாவது போட்டு அனுப்புவோம். பெற்றதற்கு அது ஈடாகாது என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். பாத்திரம் போய்வந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பொதுவாக நடக்கும் காரியத்தில் பாத்திரம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாது. ஆகவே திருப்பி அனுப்ப முடியாது. அடுத்த வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். பிழையான ஓர் ஆண்டைத் திருத்துவது, அலுமாரியில் கிடக்கும் ஒரு பழைய மலரைக் கொடுப்பது, தெளிவில்லாத பக்கத்தைக் குறை கூறுவதற்குப் பதில் தன் பிரதியிலிருந்து அதைப் படமெடுத்து அனுப்புவது, இவையே முருங்கைக்காயும் எலுமிச்சங்காயும்.

ஆனால் வேலையைப் பகிர்வதோடு கடமை தீர்ந்தது என்று வாயை மூடிக்கொள்ளவும் கூடாது. அதுவும் ஒரு தப்பித்தல்தான். நான் அப்படித்தான் பல வருடம் தப்பித்துத் திரிந்தேன். பெயர் தெரிந்தவரிடம் வாய்திறந்து சொல்லத்தான் வேண்டும். 'ஜஸாக்கல்லாஹு கைறா' என்று சொல்லக் கற்றுத்தந்த மார்க்கம், அதை மனதுக்குள் நினைத்தால் போதும் என்று சொல்லவில்லை.

போன றமழானில் ஓர் இரவு அந்தத் தம்பிக்கு அழைத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. பெட்டியை ஏன் பூட்டி வைத்திருந்தேன் என்ற உண்மையையும் சொன்னேன். செய்ததற்கெல்லாம் நன்றி என்றேன். மறுமுனையில் குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"சேர், அந்த ஏழாம் இதழ் வேற எங்கயும் கிடைச்சுதோ?"

இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.