அடுத்த விண்ணப்பம்

அறக்கட்டளை ஒன்றிடம் உதவி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் குடும்ப வருமானத்தைக் குறைத்துக் காட்டலாமா? பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள்வரை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. தகப்பனார் மில் தொழிலாளி. தாயார் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ‘ஆண்டு வருமானம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர், “உள்ளதப் போட்டா கெடைக்காதுண்ணே, கொறச்சே போடுங்க” என்கிறார். கெட்ட எண்ணத்தில் அவர் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் கேள்வி கடினமாகிறது.

கொடைக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் பெயரில் 1963 முதல் பாலிடெக்னிக் நடக்கிறது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். இன்று அது காந்தி கலை மன்றம். கிருஷ்ணன்கோவிலில் விடுதலைப் போராட்ட வீரர் கலசலிங்கம் பெயரில் 1984-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். கொஞ்சம் கிழக்கே விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்தும், வியாபாரத்தில் மகமை என்று ஒரு சிறு பங்கு பிடித்தும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பிடியரிசி போட்ட பெண் எந்தப் பிள்ளை படிக்கும் என்று கேட்கவில்லை. படித்த பிள்ளையும் தன் வீட்டு அடுப்பு நிலவரத்தை எழுதிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் கட்டிவிட்டால் வருகிறவர்களெல்லாம் உள்ளே வரலாம். பணமாகக் கொடுக்கும்போது அப்படி முடியாது. இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். விண்ணப்பம் என்பதே அதற்காக வந்ததுதான்.

குறைத்துக் காட்டுவதை நியாயப்படுத்துகிறவர்கள் சொல்வதை முதலில் முழுமையாகக் கேட்டுவிட வேண்டும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில்கூட நாளுக்கு 500 ரூபாய் கூலி, மாதம் 22 நாள் வேலை என்றால் மாதத்துக்கு 11,000, ஆண்டுக்கு 1,32,000. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு நெடுங்காலம் 72,000 ரூபாயாக இருந்தது. பிறகுதான் 1,20,000 ஆனது. அறக்கட்டளை ஒன்று அந்த உயர்ந்த வரம்பையே எடுத்துக்கொண்டாலும், தினக்கூலிக்காரர் உள்ளதைச் சொன்னால் 12,000 ரூபாய் வித்தியாசத்தில் வெளியே நிற்பார். பிள்ளையைப் படிக்கவைக்க அவரால் முடியாது என்பது மட்டும் மாறாது. மில்லில் வேலை குறைந்த மாதமும் உண்டு, ஓவர்டைம் கிடைத்த மாதமும் உண்டு. பட்டாசு வேலைக்கும் மாந்தோப்பு வேலைக்கும் பருவம் உண்டு. சம்பளச் சீட்டே இல்லாத வாழ்க்கையை ஒரே எண்ணில் அடக்கச் சொன்னால் எந்த எண்ணும் பாதிப் பொய்தான் என்று அவர் சொல்லலாம். வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் பார்த்துத் தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழும், இப்படிப்பட்ட குடும்பங்களைப் பொறுத்தவரை, ஒரு மதிப்பீடுதான்.

இந்த வாதத்தின் ஒரு பகுதியை ஏற்கத்தான் வேண்டும். நிலையில்லாத வருமானத்தை மதிப்பிடும்போது தாழ்ந்த மாதங்களையும் கணக்கில் சேர்ப்பது பொய்யாகாது. கடன் வட்டியும் மருந்துச் செலவும் போக மிஞ்சுவதைத் தனியாக எழுதிக் காட்டுவதும் பொய்யாகாது. தெரிந்த வருமானத்தை மறைப்பதும், இல்லாத நோயை எழுதுவதும், வேறொரு டிரஸ்டில் வாங்கிய உதவியைச் சொல்லாமல் விடுவதும் வேறு. எது மதிப்பீடு, எது பொய் என்று எழுதுகிறவருக்கே தெரியும். பேனா நின்ற இடம் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பொய்க்குத் துணையாக வரும் இன்னொரு வாதம்: பெரிய டிரஸ்ட், அவர்களுக்கு என்ன நட்டம்? இதில்தான் கணக்குத் தப்புகிறது. அறக்கட்டளை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் ஒதுக்கி, ஆளுக்கு 20,000 வீதம் 50 மாணவர்களுக்குக் கொடுக்கிறது என்று கொள்வோம். பொய் விண்ணப்பம் ஒன்று உள்ளே வந்தாலும் செலவாவது அதே 10 லட்சம்தான். நிறுவனருக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது. குறைவது 51-ஆவது பெயருக்கு. அந்தப் பெயருக்கு உரியவள் பக்கத்துத் தெருவில் இருக்கலாம், வத்திராயிருப்பிலோ மம்சாபுரத்திலோ இருக்கலாம். அவளுடைய அப்பா உள்ளதை எழுதியவராக இருக்கவும் வாய்ப்பு அதிகம். பணக்காரரிடமிருந்து எடுத்ததாக நினைத்த பணம், தன்னைப் போன்ற, ஒருவேளை தன்னைவிட மெலிந்த ஒரு வீட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த முகம் கண்ணில் படுவதில்லை என்பதால்தான் இந்தப் பொய் இவ்வளவு லேசாக வருகிறது.

எல்லாரும் குறைத்துத்தானே போடுகிறார்கள் என்பது அடுத்த சமாதானம். எல்லாரும் குறைத்தால் வரிசை மாறாது என்பது உண்மைதான்; ஆனால் எல்லாரும் குறைப்பதில்லை. குறைக்கக் கூசுகிறவர்களும், குறைக்க வழி தெரியாதவர்களும் எப்போதும் உண்டு. எழுதித் தர ஆளில்லாத விதவை, இ-சேவை மையத்துக்குப் பஸ் ஏறிப் போக ஒருநாள் கூலியை விட வேண்டியவர், பிள்ளையின் படிப்பே பொய்யில் தொடங்கக் கூடாது என்று நினைக்கிறவர். பொய் வழக்கமாகிப்போன இடத்தில் தண்டம் கட்டுகிறவர்கள் இவர்கள்தான்.

ஆகவே குறைத்துக் காட்டுவது தவறு. அத்தோடு நிறுத்திக்கொண்டால் தீர்ப்பு ஏழையின் தலையில் மட்டும் விழும், அதுவும் நியாயமாகாது. உண்மை சொன்னவர் தோற்கும்படி விண்ணப்பத்தை அமைத்தவருக்கும் அந்தப் பொய்யில் பங்கு உண்டு.

அறங்காவலர்கள் தங்கள் பணத்தைத் தருவதாக நினைத்துக்கொண்டால் இந்தப் பங்கு கண்ணுக்குத் தெரியாது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. வருமானவரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளை வரிவிலக்கு வேண்டுமானால் தன் வருமானத்தில் 85 விழுக்காட்டைப் பொதுவாக அறப்பணிக்கே செலவிட வேண்டும். வரிச்சலுகை பெற்ற அறக்கட்டளைக்கு நன்கொடை தருகிறவருக்கும் வரி குறையலாம். அரசுக்கு வராமல் போன அந்த வரி ஊர்ப் பணம். பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. அறத்துக்கு என்று எழுதிவைத்த நிமிடத்தில் பணம் கொடுத்தவரின் கையை விட்டுப் போகிறது. அறங்காவலருக்கு அதைக் காக்கும் பொறுப்பு உண்டு. தம் விருப்பம்போல் அள்ளித்தரும் உரிமை இல்லை. விண்ணப்பிக்கிறவர் பிச்சைக்கு வரவில்லை என்பதும் இதிலிருந்தே வருகிறது.

பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது, பொய்யால் பயனில்லாதபடி விதிகளை அமைப்பது. விருதுநகரில் பிறந்த காமராஜர் பரவலாக்கிய மதிய உணவுத் திட்டத்தில் இன்று வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்குச் சோறு. எந்தத் தகப்பனும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று அடிப்படை வகுத்தார்கள். எந்தப் பள்ளியில் படித்தாள் என்பது பதிவேட்டில் இருக்கிறது. அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கைப்பணம் சிறிதான உள்ளூர் அறக்கட்டளையால் எல்லாருக்கும் கொடுக்க முடியாதுதான். ஆனாலும் ஒரே வரம்பில் கதவைச் சாத்தாமல், வருமானம் ஏற ஏற உதவித்தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்படி படிகள் வைக்கலாம். 12,000 ரூபாய் கூடிவிட்டது என்பதற்காக முழுத் தொகையும் போய்விடாது என்று தெரிந்தால், அந்த 12,000-ஐ மறைக்கும் ஆசையும் போய்விடும். வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து, சான்றிதழ் சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம்.

நேரில் பார்ப்பது உள்ளூர் அறக்கட்டளைக்கு எளிது. அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அறங்காவலருக்குக் குடும்பத்தைத் தெரியும், தாத்தாவைத் தெரியும், யார் மில்லில் யார் வேலை பார்த்தார் என்பதும் தெரியும். தூரத்து அதிகாரிக்குத் தெரியாத கஷ்டம் இவருக்குத் தெரிகிறது. கூடவே சிபாரிசும் வருகிறது. ‘நம்ம ஆளு’ என்ற சொல் காதில் விழுகிறது. குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் பயன்படும்படி புதிதாகத் தொடங்கிய அறக்கட்டளைக்கு 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் வரிவிலக்குத் தரவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கென அமைந்தவற்றை அது தடுக்கவும் இல்லை. ஆவணத்தில் எழுதியதைத்தான் சட்டம் பார்க்கும். தேர்வு நடக்கும் அறையை மனச்சாட்சிதான் பார்க்க வேண்டும். பிடியரிசியாலும் மகமையாலும் ஒரு சமூகம் தன் பிள்ளைகளைத் தானே தூக்கிவிட்டதால் கரையேறிய வரலாறு இந்த மாவட்டத்துக்கு உண்டு. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. கரையேறிய பிறகும் பொதுவென்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சொந்தம் பார்த்தால், உண்மையை எழுதியும் தோற்கிற இன்னொரு கூட்டம் உருவாகும்.

அடுத்தது, கொடுக்கும் முறை. மேடை போட்டு, பெரிய அட்டைக் காசோலையோடு மாணவியை நிற்கவைத்து, ‘ஏழை மாணவிக்கு உதவி’ என்று பத்திரிகையில் படம் போடுவது பல இடங்களில் வழக்கம். கணக்குக் காட்ட ரசீது போதும், வங்கிப் பதிவு போதும். படம் தேவைப்படுவது கணக்குக்கு அன்று. திருக்குறளில் ஈகைக்கு அடுத்த அதிகாரம் புகழ். கொடைக்குப் பின்னால் புகழ் வருவது இயல்பு என்று வள்ளுவர் அறிந்திருக்கிறார். நல்குரவுக்கு அடுத்து இரவு என்றும், அதற்கு அடுத்து இரவச்சம் என்றும் வைத்தவரும் அவரே. வறுமை கேட்கவைக்கிறது, கேட்பவருக்குக் கூச்சம் இருக்கிறது, அந்தக் கூச்சம் மதிக்கத்தக்கது. புகழ் வேண்டுமானால் கட்டடத்தில் பெயர் பொறித்துக்கொள்ளட்டும். பதினேழு வயதுப் பெண்ணின் முகத்தில் பொறிக்க வேண்டாம்.

மறைவாகக் கொடுப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில், தென் திருப்பதி என்று மக்கள் சொல்லும் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் மலையேறுகிறது. உண்டியலில் போடுகிறவர் யார், எவ்வளவு போட்டார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் யாருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை. சாமிக்குப் பெயர் சொல்லாமல் கொடுக்கத் தெரிந்த ஊருக்கு மனிதருக்கும் அப்படிக் கொடுக்க வரும்.

பேனா நின்ற அந்த வீட்டுக்கு என்ன பதில்? உண்மையான தொகை எதுவோ அதையே எழுத வேண்டும். அதன் கீழே, கட்டம் இல்லாவிட்டாலும் நாலு வரி சேர்க்கலாம்: வேலை இல்லாத மாதங்கள், வட்டி, கல்லூரிக் கட்டணம், வீட்டில் எவ்வளவு திரட்ட முடியும் என்ற கணக்கு. இதே படிப்புக்கு வேறெங்கு விண்ணப்பித்தார் என்பதையும் சொல்லிவிடலாம். அப்படி எழுதி உதவி கிடைக்காமலும் போகலாம். உண்மைக்குக் கூலி உண்டு என்று அந்தத் தகப்பனாருக்கு உறுதி சொல்ல யாராலும் முடியாது. அதற்கு உறுதி சொல்லக்கூடியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். நிராகரித்தால் காரணத்தை எழுதி அனுப்புவதும், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு எந்த அடிப்படையில் கொடுத்தோம் என்று பெயர்களை விட்டுவிட்டு ஆண்டுதோறும் அறிவிப்பதும் அவர்களுக்குப் பெரிய செலவில்லை. ஏழையிடம் நேர்மையை எதிர்பார்க்கும் தகுதி, தன் தேர்வு முறையை ஊர் பார்க்கத் திறந்துவைத்த அறக்கட்டளைக்கே உண்டு.