பிள்ளையிடம் தோற்கும் தகப்பன்



ஞாயிறு பூசை முடிந்து, பகல் சாப்பாடும் ஆனபின் பிள்ளையோடு சதுரங்கப் பலகையின் முன் உட்காருகிறீர்கள். குதிரை எப்படித் தாவும், யானை எப்படி நேராய் ஓடும் என்று இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். அந்நாளில் உங்கள் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடியும் ஜெயித்தீர்கள். இன்றோ பையன் தன் குதிரையை வெட்டக் கொடுக்கிறான். அவசரத்தில் தவறிவிட்டான் என்று நீங்களும் சந்தோஷமாய் வெட்டுகிறீர்கள். மூன்று நகர்த்தலில் உங்கள் ராஜா மூலையில் அகப்பட்டுக்கொள்கிறார். "அப்பா, ஆட்டம் முடிந்தது" என்கிறான்.

அந்த நிமிஷத்தில் உங்கள் இருதயத்தில் எழும்புவது சந்தோஷம் மாத்திரந்தானா? உண்மையைச் சொல்லுங்கள்.

மூன்று சோதனைகள் அப்போது வரும். முதலாவது, கோபம்: "விளையாடினது போதும், புத்தகத்தை எடு!" இரண்டாவது, சாக்கு: அடுத்த ஞாயிறு உங்களுக்கு ஏதோ வேலை வந்துவிடும், பலகை பரண் ஏறும். தகப்பனோடு தனக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளை இழப்பான். மூன்றாவதுதான் மகா நயமானது: "நான் வேண்டுமென்றே விட்டுக் கொடுத்தேன்" என்பது. இது பொய்; அதோடு, பிள்ளை யோசித்துச் சம்பாதித்ததைத் திருடுவதுமாகும். பிள்ளைக்கு அது தெரியாதென்று நினையாதேயுங்கள். இம்மூன்றுக்கும் வேர் ஆங்காரமே.

நம் நாட்டிலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாயார். அவர் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றார். 1986 முதல் 37 வருஷம் இந்திய ஆட்டக்காரரின் பட்டியலில் முதல் இடம் அவருடையதே. 2023 செப்டம்பரில் அந்த இடத்தைப் பிடித்தவர் 17 வயதுச் சென்னைப் பையன் குகேஷ். பயிற்சிக்கூடம் அமைத்து அந்தப் பையனுக்கு வழிகாட்டியவர்களில் ஆனந்தும் ஒருவர் என்பதே விசேஷம். தம்மை முந்தப் போகிறவனுக்குத் தாமே படி கட்டிக் கொடுத்தார். 2024 டிசம்பரில் அந்தப் பையன் 18 வயதில் உலகப் பட்டம் வென்றான்.

ஸ்நாபக அருளப்பரை நினைத்துப் பாருங்கள். ஜனங்களெல்லாம் சேசுநாதரிடம் போகிறார்களே என்று சீஷர்கள் முறையிட்டபோது, அவர் காய்மகாரப்படவில்லை. தம்மை மாப்பிள்ளையின் தோழனுக்கு ஒப்பிட்டு, தம் சந்தோஷம் நிறைவாயிற்று என்றார். பின்வருகிறவருக்கு வழியை ஆயத்தம் செய்வதே தம் வேலை என்று அவருக்குத் தெரியும். தகப்பன் வேலையும் அதுவேயன்றோ?

16-ம் நூற்றாண்டில் அவிலா அர்ச். தெரேசம்மாள் தம் மடத்துக் கன்னியருக்கு எழுதிய ஞான நூலில் இந்தச் சதுரங்கத்தையே உவமையாகச் சொல்லுகிறார்கள். பலகையில் ராஜாவை அதிகமாய் நெருக்குவது ராணி. அப்படியே பரலோக ராஜாவை நம் வசமாக்குவது தாழ்ச்சி என்கிறார்கள்.

ஆகவே, தோற்ற அன்று என்ன செய்வது? பிள்ளைக்குக் கை கொடுங்கள். "நன்றாய் ஆடினாய், நான் அதைக் கவனிக்கவில்லை" என்று நிஜத்தைச் சொல்லுங்கள். எங்கே தவறினேன், காட்டு என்று கேளுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடியும் முழுப் பலத்தோடு ஆடுங்கள். ஜெயிப்பதற்கு நீங்கள் கற்றுக் கொடுத்துவிட்டீர்கள். கசப்பில்லாமல் தோற்பதற்கும், ஏளனமில்லாமல் ஜெயிப்பதற்கும் இனிமேல்தான் பாடம். அதைப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்தே படிப்பான்.

இன்னும் சில வருஷத்தில் கணக்கிலும், சம்பாத்தியத்திலும், நடையிலும் அவன் உங்களை முந்துவான். ஒருநாள் கோவில் படியேற அவன் கையை நீங்கள் பிடிப்பீர்கள். அந்தக் கையை மனக்குறையின்றிப் பிடிக்க இன்றே, இந்தச் சின்னப் பலகையில், பழகிக்கொள்ளுங்கள்.