மதில் இல்லாத துறவு

ஆஸ்பத்திரி வார்டிலும் கிராமத்துப் பள்ளியிலும் கத்தோலிக்கக் கன்னியர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்: நானூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் அங்கே கால் வைத்திருக்கவே முடியாது. 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கமும், 1566-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் மடத்து மதிலுக்குள்தான் வாழ வேண்டும். கடவுளுக்கென்று தன்னைக் கொடுத்த பெண் உலகத்தின் கண்ணில் படக்கூடாது.

மீறிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பிரான்சிஸ் சலேசியார் 1610-இல் ஆன்சி நகரில் தொடங்கிவைத்த சபையின் பெண்கள் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். லியோன் பேராயர் அதற்கு இசையவில்லை. 1618-இல் அதுவும் அடைபட்ட மடமாயிற்று.

அதே காலத்தில், 1617 ஆகஸ்டில், ஷத்தியோன் என்ற சிற்றூரில் பங்குக் குருவாக இருந்த வின்சென்ட் தே பவுல் ஞாயிறு பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு குடும்பமே நோயில் விழுந்து, தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் கிடப்பதாகச் செய்தி வந்தது. மறையுரையில் அதைச் சொன்னார். பிற்பகல் அவர் அங்கே புறப்பட்டபோது வழி நெடுக உணவோடு ஜனங்கள். இரக்கத்துக்கு ஊரில் பஞ்சமில்லை, முறைதான் இல்லை என்று அவருக்குப் பட்டது. இன்று வந்து குவிவது கெட்டுப்போகும். நாளை மறுபடி பட்டினி. சில நாட்களில் ஊர்ப் பெண்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார்.

அந்தச் சங்கத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த ஒழுங்குமுறையை இன்று படித்தாலும் மனம் நெகிழும். முகமலர்ச்சியோடு நோயாளியிடம் போக வேண்டும். கட்டில்மேல் தட்டை வைத்து, துணி விரித்து, குவளையும் கரண்டியும் ரொட்டியும் எடுத்து வைக்க வேண்டும். அவருடைய கைகளைக் கழுவிவிட்டு, செபம் சொல்லி, சூப்பை ஊற்றி, இறைச்சியைத் துண்டாக்கித் தர வேண்டும். துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போய், தனியாகக் கிடப்பவரிடம் கடைசியாகப் போக வேண்டும். அப்போதுதான் அவரோடு கூடுதல் நேரம் இருக்க முடியும். பிச்சை போடும் கை இப்படியெல்லாம் யோசிக்காது.

பாரிஸுக்குப் பரவியபோது இந்த ஏற்பாடு தடுமாறியது. அங்கே சங்கத்தில் சேர்ந்த உயர்குடிச் சீமாட்டிகள் நோயாளி வீட்டுக்குத் தாங்கள் போகாமல் வேலைக்காரிகளை அனுப்பினார்கள். அப்போது தானாக முன்வந்தவர் சுரேன் ஊரைச் சேர்ந்த மார்கரித் நாசோ. மாடு மேய்த்தவர், மேய்ச்சலில் இருந்தபடியே எதிர்ப்பட்டவர்களிடம் எழுத்துக் கேட்டுப் படித்தவர், படித்ததை ஊர் ஊராகப் போய்ச் சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். 1633 தொடக்கத்தில், கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையில் கிடத்திக்கொண்டதால் தானும் தொற்றி இறந்தார். பிறரன்புப் புதல்வியர் சபை அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் அதன் முதல் சகோதரி அவர்தான்.

அவர் வழியில் வந்த கிராமத்துப் பெண்கள் சிலரை அந்த ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் லூயிஸ் தே மரியாக் என்ற கைம்பெண் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். சபை அங்கே தொடங்கியது.

இவர்கள் யார்? துறவியர் என்று சொன்னால் மதில் எழும்பிவிடும். அதனால் ஆயர் கேட்டாலும் ‘துறவியர் அல்ல’ என்றே சொல்லும்படி வின்சென்ட் கற்பித்தார். சபையினர் கிராமத்துப் பெண்களின் சாம்பல்நிற ஆடையையே உடுத்தினார்கள். வார்த்தைப்பாடும் நாளடைவில் ஓராண்டுக்கு மட்டும் என்று ஆயிற்று. ஒவ்வொரு மார்ச் 25-ஆம் நாளும் புதுப்பிக்க வேண்டும். விதியை மீறாமல் வெளியே நடமாட இது வழிவிட்டது. ஆனால் இதில் வேறோர் ஆழமும் இருக்கிறது. ஒருமுறை கொடுத்துவிட்டு அதற்குக் கட்டுப்பட்டுக் கிடப்பது ஒன்று. விலகிப் போகும் உரிமை கையில் இருக்கும்போதே ஆண்டுதோறும் மறுபடி கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது எளிதென்று யாரும் சொல்ல முடியாது.

செபமா, சேவையா என்ற கேள்வியையும் அவர்கள் விடவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தியானத்தில் அமர்ந்தார்கள். அந்த நேரத்தில் ஏழை ஒருவர் கூப்பிட்டால், செபத்தை விட்டுவிட்டு மனக்கலக்கமின்றி எழுந்து போகச் சொன்னார் வின்சென்ட். கடவுளை விட்டுக் கடவுளிடமே போவது அது என்பது அவர் கொடுத்த விளக்கம். சேவைக்காகச் செபத்தைக் குறைத்துக்கொள்ளும் தாராளம் அல்ல இது. கட்டிலில் கிடப்பவரிடம் கிறிஸ்துவையே காண்பவருக்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும். அப்படிக் காண்பதற்கான பழக்கம் அந்த நான்கு மணித் தியானத்தில்தான் கிடைத்தது.

பாரிஸ் தெருக்களில் எறியப்பட்ட குழந்தைகள், சங்கிலியில் கிடந்த கப்பல்துடுப்புக் கைதிகள், போர்க்களத்துக் காயம்பட்டோர் என்று பணி விரிந்தது. 1652-இல் சிலர் போலந்துக்கே போனார்கள். இதற்கிடையில் லூயிஸ் ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றார். சபை அந்தந்த ஆயரின் கையில் இருக்கக் கூடாது, வின்சென்டின் குருக்கள் சபைத் தலைவருக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஆயருக்கு ஓர் ஒழுங்கென்று ஆனால் ஏழைகளுக்கான பணி சிதறிவிடும் என்று அவர் அஞ்சினார். முதல் அங்கீகாரம் பாரிஸ் பேராயரின் கீழ் சபையை வைத்தபோது, வின்சென்டிடமே வாதாடித் தம் கருத்தை வலியுறுத்தினார். 1655-இல் வந்த புதிய அங்கீகாரம் அவர் கேட்டபடியே அமைந்தது. ஐந்தாண்டு கழித்து, 1660-இல், லூயிஸ் மார்ச்சிலும் வின்சென்ட் செப்டம்பரிலும் காலமானார்கள். மார்ச் 25-ஆம் நாள் வார்த்தைப்பாடு புதுப்பிக்கும் வழக்கம் இன்றும் அந்தச் சபையில் தொடர்கிறது.