பால்கனிப் பாட்டி

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பாட்டியின் படம் மாட்டியிருக்கிறது. என் பாட்டி இல்லை. என் மனைவியின் பாட்டியும் இல்லை. வெள்ளைக்காரப் பாட்டி. மர பால்கனியில், சிவப்பு ஜெரேனியம் தொட்டிகளுக்கு நடுவே, கையில் பூவாளியோடு நின்று நேராக நம்மைப் பார்ப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யார் சார் இது?" என்று கேட்பார்கள். ஆறு வருடங்கள் நான் சொல்லிவந்த பதில் இதுதான்: "தெரியாது. ஆனா அந்தக் கண்ணுல ஒரு கம்பீரம் இருக்கு பாருங்க!"

படத்தை எடுத்தது 2009இல். ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்று ஓர் ஊர். பெயர் தெரியாவிட்டாலும் ஊரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலண்டரில், பிஸ்கட் டப்பா மூடியில், யாரோ ஒருவரின் கம்ப்யூட்டர் திரையில். முன்னால் ஏரி, பின்னால் செங்குத்தாக மலை. நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி வீடுகள். ஊசிக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம்.

என் அக்கா குடும்பம் சால்ஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கிருந்து பஸ், பிறகு ரயில். ரயில் நிலையம் ஏரிக்கு இந்தக் கரையில், ஊர் அந்தக் கரையில். ரயில் நேரத்துக்குப் படகு தயாராக நிற்கும். படகு நெருங்க நெருங்க ஊர் பெரிதாகிக்கொண்டே வரும்போது, கேமரா வைத்திருக்கிறவன் கை சும்மா இருக்குமா? அன்றைக்கு மட்டும் நானூறு படம். அதில் ஒன்றுதான் பாட்டி. சந்தில் நடந்தேன், நிமிர்ந்தேன், அவரும் பார்த்தார், க்ளிக். நடையைக் கட்டிவிட்டேன். மொத்தம் நாலு செகண்ட்.

ஊர் சாமானியப்பட்டதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மலையைக் குடைந்து உப்பு எடுத்த ஊர். ஐரோப்பிய இரும்புக் காலத்தின் ஒரு பகுதிக்கே 'ஹால்ஸ்டாட் காலம்' என்றுதான் பெயர். 1890இல் சாலை போடும்வரை படகிலோ மலைப்பாதையிலோதான் போக வேண்டும். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. ஊரில் இருப்பவர்கள் எண்ணூறு பேர்கூடக் கிடையாது. சீசன் நாளில் வருகிறவர்கள் பத்தாயிரம் பேர் வரைக்கும். அதாவது ஒரு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கேமரா!

நான் பி.காம். படித்தவன். முதல் வருடம் அக்கவுன்டன்சி வாத்தியார் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்த விதி ஒன்று உண்டு. 'டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர்.' வாங்கியவர் கணக்கில் பற்று, கொடுத்தவர் கணக்கில் வரவு. புத்தி அப்படியே பழகிவிட்டது. ஹாலில் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கோ உறுத்தும். வாங்கியது நான். சரி. பாட்டி கொடுத்தாரா?

அதனால் 2015இல் மறுபடி போனபோது, நல்ல தாளில் பிரின்ட் போட்டு, அட்டை வைத்துக் கட்டி எடுத்துப் போனேன். கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைப்பு. மொழிபெயர்க்க அக்கா மகள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதே சந்து, அதே பால்கனி. கதவைத் திறந்தது ஐம்பது வயதுப் பெண்மணி. பாட்டியின் மகள். பாட்டி இரண்டு வருடம் முன்னால் இறந்துவிட்டார்.

படத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார். ஏதோ சொன்னார். அக்கா மகள் என்னைப் பார்த்துத் தயங்கினாள்.

"சொல்லும்மா."

"கோபம் வந்தா அவங்க அம்மா இப்படித்தான் பார்ப்பாங்களாம், மாமா. 'போய்த் தொலை'ன்னு அர்த்தமாம்."

போச்சா, ஆறு வருடக் கம்பீரம்!

அந்தம்மா இன்னொன்றும் சொன்னார். பாட்டி காலையில்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாராம். கடைசி சில வருடங்களாக அதை மாற்றிக்கொண்டாராம். சாயங்காலம், கடைசிப் படகு போன பிறகு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரில் மழை பெய்தது என்பது மாதிரி சொன்னார். பிரின்டை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை, அதை நான் எதிர்பார்த்தேன் என்பதுதான் வெட்கம். பாட்டி பெயரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். இங்கே எழுதப் போவதில்லை. அவரிடம் கேட்காமல் வாங்கியது ஒன்று போதும்.

"டேய், ரொம்ப யோசிக்காதே" என்றாள் அக்கா. "படம் பார்த்துத்தானே ஜனம் வருது? ஜனம் வரலைன்னா அந்த ஊர் எதைச் சாப்பிடும்?"

நியாயமான கேள்வி. உப்பை மட்டும் நம்பி ஊர் இன்றைக்கு ஓடாது. தெருவில் நின்று கட்டடத்தைப் படம் எடுக்க ஆஸ்திரியச் சட்டமும் இடம் கொடுக்கிறது. ஆனால் கணக்குப்பிள்ளை புத்தி விடுகிறதா? ஹோட்டல்காரர் கணக்கில் வரவு விழுகிறது. கடைக்காரர் கணக்கில் விழுகிறது. தண்ணீர் ஊற்றும் நேரத்தை மாற்றிக்கொண்டவர் கணக்கில் பற்று மட்டும்தான். ஊர் என்று ஒரே பெயரில் பேரேடு போட்டால் லாபம் தெரியும். வீடு வீடாகப் பிரித்து எழுதிப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

முழு ஊரையே ஒருவர் கேட்காமல் எடுத்துப்போன கதையும் உண்டு. சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு நிறுவனம் ஹால்ஸ்டாட்டை அப்படியே நகல் எடுத்து வீட்டு மனைத் திட்டமாகக் கட்டியது. தேவாலயக் கோபுரம்கூட உண்டு. சுற்றுலாப் பயணிகளோடு பயணிகளாக வந்து ஊரைப் படம் பிடித்துப் போனார்கள் என்று செய்தி வந்தது. 2011இல் விஷயம் தெரிந்ததும் ஊரில் சிலர் கொதித்தார்கள். 2012இல் திறப்பு விழாவுக்கு ஹால்ஸ்டாட் மேயரே போய் வந்தார்! கோபமும் பெருமையும் ஒரே பையில். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதானே, அளவுதான் வேறு.

பிரின்டைக் கொடுத்த அன்றைக்கே தேவாலயத்துப் பக்கம் ஏறிப் போனோம். அங்கே எலும்பு வீடு ஒன்று இருக்கிறது. மலைச்சரிவில் கல்லறைக்கு இடம் போதாது. அதனால் பத்துப் பதினைந்து வருடம் கழித்து எலும்பை எடுத்து, மண்டை ஓட்டைச் சுத்தம் செய்து, வெளுக்க வைத்து, அடுக்கிவிடுவார்கள். மொத்தம் சுமார் 1,200 மண்டை ஓடுகள். பயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். இல்லை. அறுநூற்றுச் சொச்சம் ஓடுகளில் நெற்றியில் பூவும் இலையும் வரைந்து, பெயர் எழுதியிருக்கிறார்கள். கடைசியாக அங்கே வந்தது 1983இல் இறந்த ஒரு பெண்மணியுடையது. தன்னையும் அங்கே வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாராம். 1995இல் வைத்தார்கள்.

ஆறடி நிலம் கொடுக்க முடியாத ஊர், பெயரை மட்டும் விடாமல் எழுதி வைத்திருக்கிறது. என்னிடம் அந்த ஊரின் படங்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. படத்தில் மனிதர்களும் இருக்கிறார்கள். அன்று காலைவரை ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது.

'அப்படியானால் படத்தைக் கழற்றிவிட வேண்டியதுதானே' என்பீர்கள். கழற்றினேன், இரண்டு முறை. சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம். அதைப் பார்த்தால் பாட்டி இன்னும் அதிகமாக முறைக்கிற மாதிரி இருந்தது. கழற்றினால் கொடுத்ததாக ஆகிவிடுமா? மறுபடி மாட்டிவிட்டேன். யாராவது கேட்டால், "முறைக்கிறாங்க சார், என்னைத்தான்" என்று சொல்லிவிடுகிறேன்.

2023 மே மாதம் ஹால்ஸ்டாட்டில் எல்லாரும் நின்று செல்ஃபி எடுக்கும் இடத்தில் மரப்பலகை வேலி அடித்தார்கள், படம் எடுக்க முடியாதபடி. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் எடுத்துவிட்டார்கள். அதே ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் சுரங்கப்பாதைச் சாலையை மறித்துப் போராடினார்கள். 'கூட்டத்துக்கு அளவு வையுங்கள், சாயங்காலத்துக்கு மேல் டூரிஸ்ட் பஸ் வேண்டாம்' என்று. செப்டம்பரில் நான் போயிருந்தேன். ஆமாம், எல்லாம் தெரிந்தும் போனேன். பாட்டி வீட்டுக் கதவில் இப்போது நம்பர் பூட்டுப் பெட்டி தொங்குகிறது. உள்ளே சாவி. வாடகைக்குத் தங்க வருகிறவர்களுக்கு. பால்கனியில் தொட்டிகள் இல்லை.

திரும்பும்போது படகுத்துறையில் அக்கா மகள் போனை என்னிடம் கொடுத்தாள். "மாமா, ஊரோட சேர்த்து ஒண்ணு எடுங்களேன்."

எடுக்கப் போனேன். அவள் தலைக்கு மேலே ஒரு ஜன்னலில் பெரியவர் ஒருவர் கோப்பையோடு நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கீழே இறக்கினேன். அவர் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவர் வீட்டு ஜன்னலிலிருந்து அவர் போகக் காத்திருக்க நான் யார்? மரியாதை கொடுக்கிறேனா, இல்லை படத்துக்குக் குறுக்கே நிற்கிறார் என்று துரத்துகிறேனா? கையை உயர்த்தி, போனைக் காட்டி, 'எடுக்கட்டுமா' என்று சைகையில் கேட்டேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"மாமா, சீக்கிரம்! போட் கிளம்புது" என்றாள்.